மேற்படி இசக்கி

இசக்கியை இசக்கி கல்யாணம் செய்துகொண்டதில் தப்பு இருப்பதாக நாற்பத்தொரு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிறக்கிற பிள்ளைக்கு இசக்கி என்று பெயர் வைப்பார்கள். ஆணா பெண்ணா என்று அம்மன் பார்ப்பதில்லை, பெயரும் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டில் அப்படி ஒரு பிள்ளை, பெண் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை. பத்திரிகை அடித்த அச்சகத்துக்காரர் மட்டும் ஒரே பெயர் தவறுதலாக இரண்டு தடவை வந்திருக்கிறது என்று ஒன்றை எடுத்துவிட்டார். அந்தப் பத்திரிகையின்படி இசக்கிக்குக் கல்யாணம் நடந்தது. யாரோடு என்று அதில் இல்லை.

தெருவில் ஆம்பிளை இசக்கி, பொம்பிளை இசக்கி என்றார்கள். வீட்டுக்குள் அதுவும் தேவைப்படவில்லை. அவர் 'ஏட்டி' என்று கூப்பிடுவார். அவள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கணவன் பெயரும் தன் பெயரும் ஒன்றாகிவிட்டதால் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து தன் பெயரையும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பாள்.

அவருக்குக் கால்வாயில் மடை திறந்து அடைக்கிற லஸ்கர் வேலை. ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், எட்டு வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்கிற ஒரு வளவில் வாடகைக்கு இருந்தார்கள். வைகாசி மாதம் ஒரு காலையில் சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அடுத்த கையை நுழைக்கவில்லை.

இனி இந்தக் கதையில் இசக்கி என்றால் அவள்தான். அப்படி வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இருக்கிறது. பின்நலப் பிரிவுக்கு இல்லை.

பின்நலப் பிரிவு என்பது 'ஓய்வூதியர் மறைவுக்குப் பின்னரான துணைவர் நலப் பிரிவு'. பலகையில் இடம் போதாமல் சுருக்கி எழுதியிருந்தார்கள். தென்காசியில் ஒரு மாடியில் இருக்கிறது. ஏறுவதற்கு இருபத்தெட்டுப் படி. கணவனை இழந்தவர்களுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்பது கட்டடம் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

உள்ளே ஒன்பது நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. நாற்காலியில் துண்டு இருந்தால் ஆள் அலுவலகத்தில் எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம். துண்டும் இல்லையென்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இசக்கி படியேறினாள். துணைக்கு அடுத்த வீட்டு நூருன்னிசா வந்தாள். அவள் புருசன் சவுதியில் இருக்கிறார். பாஸ்போர்ட் ஆபீஸ், பேங்க் எல்லாம் போய் வந்து அதிகாரிகளிடம் பயம் போய்விட்டவள். கீழே செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருந்ததால் இசக்கியை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தாள்.

முதல் மேஜையில் பேச்சிராஜ் இருந்தார்.

"யாரு செத்தது?" என்றார். அங்கே அதுதான் வணக்கம்.

"எங்க வீட்டு அவிய."

"பேரு?"

இசக்கி இறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

"பேப்பர் இருக்கட்டும் ஆச்சி. வாயால சொல்லணும். வாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்கு."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, ஒங்க பேரச் சொல்லுங்க."

இசக்கி ஆதார் அட்டையை நீட்டினாள்.

"அவரு பேருஞ் சொல்ல மாட்டிய, ஒங்க பேருஞ் சொல்ல மாட்டிய. அப்ப நான் எதுக்கு இங்கன உக்காந்திருக்கேன்?"

அந்தப் பிரிவில் இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

நூருன்னிசா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "சார், அவுக பேரு இசக்கி."

"செத்தவரு பேரு அப்புறம். இந்த ஆச்சி பேரு?"

"அதான் சார், இசக்கி."

"அப்ப செத்தவரு?"

"இசக்கி."

பேச்சிராஜ் பேனாவை மூடினார். "ஏம்மா, இதுல உயிரோட இருக்கது யாரு?"

"முன்னாடி நிக்காவள்லா. பாத்தாத் தெரியலியா?"

"பாத்துத் தெரிஞ்சிக்கிட எங்களுக்கு அதிகாரம் இல்ல."

அவர் கம்ப்யூட்டரில் மனுதாரர் பெயரைத் தட்டினார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இறந்தவர் மனுச் செய்ய இயலாது.' மூன்று தடவை தட்டினார். மூன்று தடவையும் கம்ப்யூட்டர் தன் கொள்கையிலிருந்து மாறவில்லை. பிறகு கோப்பில் எழுதினார்: 'மனுதாரர் தம் பெயரைக் கூற மறுக்கிறார். உடன் வந்தவர் இறந்தவருக்கும் மனுதாரருக்கும் ஒரே பெயரைக் கூறுகிறார். உள்நோக்கம் இருக்கக்கூடும். கண்காணிப்பாளர் பார்வைக்கு.'

கண்காணிப்பாளர் மந்திரமூர்த்தியின் பார்வை அந்தக் கோப்பின் மேல் விழுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அவருடைய துண்டு அந்த நாட்களில் நாற்காலியில் இல்லை. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

வந்தவர் இசக்கியையும் நூருன்னிசாவையும் மறுபடி வரவழைத்து, இசக்கியின் புருசனுடைய பழைய பணிப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். சிவப்புத் துணியில் கட்டிய அதை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கனம் ஒன்றும் இல்லை, மரியாதைக்காக இரண்டு பேர். மந்திரமூர்த்தி எழுந்து நின்று பிரித்தார், ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"பெயர், இசக்கி. சரி. மனைவி பெயர்..." நிறுத்தினார். "மேற்படி."

நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு எழுத்தர், ஒரே பெயரை இரண்டு தடவை எழுத அலுத்துப்போய், அடுத்த கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார்.

"நீங்க மேற்படியா?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

"நான் அவிய பொஞ்சாதி ஐயா."

"அது ஒங்க உறவு. நான் பேரக் கேக்கேன். ஆதார்ல மேற்படின்னு போட்டிருக்கா?"

நூருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "மேற்படின்னா மேல எழுதுன பேரேதான்னு அர்த்தம் சார். ஒண்ணாப்புப் பிள்ளைக்குத் தெரியுமே."

"எனக்குந் தெரியும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சது செல்லாது." அவர் கோபப்படவில்லை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல் சொன்னார். "சரி, ஒங்க வழிக்கே வாரேன். மேல எழுதுனது யாரு? ஓய்வூதியர். அப்ப ஓய்வூதியரேதான் தனக்குப் பொஞ்சாதி. அவரு காலமாயிட்டாரு. அப்ப பொஞ்சாதியுங் காலமாயாச்சு. நாங்க யாருக்குக் குடுக்க?"

"சார், இறப்புச் சான்றுல ஆண்னு போட்டிருக்கு பாருங்க. நிக்கது பொம்பள."

"அது பிறப்பு இறப்புக்காரங்க வெச்சிருக்க கட்டம். எங்க பதிவேட்டுல ஆணா பெண்ணான்னு கட்டமே கிடையாது. நாங்க எல்லாரையுஞ் சமமாப் பாக்கோம்."

இசக்கி முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தாள். "ஐயா, அவிய போனதுலேருந்து பென்சன் வரல. கையில ஒண்ணுமில்ல."

மந்திரமூர்த்தியின் முகம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை. "ஆச்சி, இருவத்தாறு வருசமா இந்தப் பிரிவுல இருக்கேன். தப்பான ஆளுக்கு ஒரு பைசா போனதில்ல."

"சரியான ஆளுக்கு?" என்றாள் நூருன்னிசா.

"அந்த விவரம் எங்ககிட்ட யாரும் கேக்கிறதில்லம்மா."

கடைசியில் ஒரு வழி சொன்னார். இசக்கியும் அவள் வீட்டுக்காரரும் ஒரே ஆள் இல்லை, இரண்டு ஆட்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து சான்று வாங்கி வர வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் ஆனந்தவள்ளி நல்ல பெண். இசக்கியை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பீரோவில் தேடினாள், கம்ப்யூட்டரில் தேடினாள், தாலுகாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"'இருவரும் ஒருவரே'ன்னு ஒரு சான்று இருக்கு ஆச்சி. ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருந்தாக் குடுப்போம். நீங்க கேக்கது, ரெண்டு ஆளுக்கு ஒரு பேரு. 'இருவரும் இருவரே'ன்னு படிவம் கிடையாது. ரெண்டு பேரு ரெண்டு பேருதான்னு சொல்ல இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படல."

ஆனாலும் மனசு கேட்காமல் வெள்ளைத்தாளில் தன் கையாலேயே எழுதினாள்: 'மேற்கண்ட இசக்கியும் கீழ்க்கண்ட இசக்கியும் நாற்பத்தொரு ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்த இரு வேறு நபர்கள் என்று சான்றளிக்கிறேன்.' முத்திரையை இரண்டு தடவை குத்தினாள், இரண்டு பேருக்காக.

பின்நலப் பிரிவு அதை நான்கு நாளில் திருப்பியது. அவ்வளவு வேகமாக அங்கே எதுவும் நடந்ததில்லை. 'வெள்ளைத்தாளில் எழுதப்படுவது உண்மையாக இருக்கலாம், படிவம் ஆகாது' என்று குறிப்பு இருந்தது. அதோடு, இரு நபர்கள் வாழ்ந்தார்களா என்பதை நேரில் விசாரிக்கப் பேச்சிராஜ் வருவார் என்றும் இருந்தது.

அவர் வந்தபோது வளவே வாசலுக்கு வந்துவிட்டது. பேச்சிராஜ் முற்றத்தின் நடுவில் நின்று, சோதனைக்காக, "ஏ இசக்கி!" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

எதிர் வீட்டில் கருவாடு அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கிணற்றடியில் ஒரு கிழவர் திரும்பினார். தெருவில் சைக்கிளில் போனவன் பிரேக் பிடித்தான். மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய், "எம்பிள்ளையவா கூப்பிட்டிய?" என்றாள். தெருமுனை டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நம் இசக்கி மட்டும் வரவில்லை. நாற்பத்தொரு வருடமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எத்தன பேரு இங்கன?" என்றார் பேச்சிராஜ் திகைத்துப்போய்.

"அம்மன் கோயில் கொடை சமயத்துல வாருங்க, இன்னும் வருவாவ," என்றார் கிணற்றடிக் கிழவர்.

"செத்த இசக்கியும் இந்த ஆச்சியும் தனித்தனி ஆளா இருந்தாவளா?"

"ஒண்ணாத்தாம்யா இருந்தாவ," என்றாள் கருவாட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தர விட்டு ஒருத்தர் சாப்பிட்டதே இல்ல. ரெண்டு உசுரு ஒரு உசுராத்தான் இருந்துச்சு."

பேச்சிராஜ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அறிக்கை இப்படி முடிந்தது: 'மேற்படி தெருவில் இசக்கிகள் எட்டுப் பேர். இறந்தவர் ஒருவர். மீதம் ஏழு பேர். மனுதாரர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மேலும், இருவரும் ஒரே உயிராக வாழ்ந்ததாக அண்டை வீட்டார் வாக்குமூலம் அளித்துள்ளனர்.'

ஆனி முடிந்தது. வீட்டுக்கார அம்மா உலகம்மை வாடகையை அட்வான்சில் கழித்துக்கொண்டு வந்தாள். அது தீரப்போகிற நாள் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னைய வெளிய போன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. ஆனா நானும் இந்த வாடகையிலதான் கஞ்சி குடிக்கேன். ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும் பாக்கேன். அதுக்குப் பொறவு நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

இசக்கிக்குப் போவதற்கு இடம் இல்லை. கூடப் பிறந்தவன் பாவூர்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், அவன் வீட்டில் அவனுக்கே இடம் இல்லை. கம்மல் ஏற்கெனவே போய்விட்டது. நூருன்னிசா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் கிண்ணத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று முற்றத்துக் கருவேப்பிலையில் நாலு கொத்துப் போட்டுக் கொடுப்பாள். ஆடி பிறந்தபோது அந்த மரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் இலை இல்லை.

அந்த வாரம் குற்றாலத்தில் அருவிக்கரையில், பெண்கள் உடை மாற்றுகிற அறையைக் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஷாம்பு உறைகளைப் பொறுக்கி, எண்ணெய் வழுக்குகிற தரையைத் தேய்க்க வேண்டும். ஊரெல்லாம் குளிக்க வந்த இடத்தில் பகல் முழுவதும் காலில் ஈரத்தோடு நின்று அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அறுபத்திரண்டு வயதில் எவ்வளவு நாள் தாங்கும் என்று சூப்பர்வைசரே கேட்டார். சீசன் முடிந்தால் அந்த வேலையும் இல்லை.

அப்போதுதான் முகாம் வந்தது.

பின்நலப் பிரிவின் மாநிலக் குறைதீர் முகாம் வருடந்தோறும் ஆடியில் குற்றாலத்தில் நடக்கும். மற்ற மாதங்களில் மக்களுக்குக் குறை இல்லையா என்று கேட்கக் கூடாது. மற்ற மாதங்களில் அருவியில் தண்ணீர் இல்லை. தலைமைப் பார்வையாளர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு மண்டபத்தில் மேடை போட்டு, மைக் வைத்து, முன்வரிசையில் கணவனை இழந்தவர்களையும் பின்வரிசையில் குளிக்கப்போகக் காத்திருக்கிற அலுவலர்களையும் உட்கார வைத்திருந்தார்கள். பார்வையாளர் தலையில் எண்ணெய் தேய்த்து ஊறவைத்திருந்தார். அது காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அரை மணியில் முடிக்க வேண்டும், பதினொரு மணிக்கு மேல் அருவியில் கூட்டம் தாங்காது என்று மந்திரமூர்த்தி எல்லோருடைய காதிலும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்வையாளர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! ஒரு அரசு ஊழியர் வேலை பார்க்கும்போது அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் கொடுக்கிறோம். இறந்தால்கூட நாம் விடுவதில்லை! நீங்கள் எங்களைத் தேடி வருகிறீர்கள். ஒரு முறை அல்ல, பலமுறை வருகிறீர்கள். சிலர் ஐந்து வருடமாக வருகிறார்கள். இந்தப் பாசம் வேறு எந்தத் துறைக்குக் கிடைக்கும்? சென்ற ஆண்டு நிலுவையில் நானூறு மனுக்கள் இருந்தன. இந்த ஆண்டு இருநூற்றுப் பத்துதான். மீதிப் பேர் காலமாகிவிட்டார்கள். நிலுவையைப் பாதியாகக் குறைத்த ஊழியர்களைப் பாராட்டுகிறேன்."

பின்வரிசை கைதட்டியது.

இசக்கி துடைப்பத்தை மண்டப வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். புடவைக் கரை நனைந்திருந்தது. முகாமுக்கென்று வந்திருந்த நூருன்னிசா பிடித்து இழுத்து வரிசையில் விட்டாள். முறை வந்ததும் பார்வையாளர் நிமிராமல் கேட்டார்.

"பெயர்?"

நூருன்னிசா வாயெடுத்தாள். பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "மனுதாரர் சொல்லட்டும்."

பத்து நாளில் ஆவணி. இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இசக்கி."

நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. அது தன் பெயர் மாதிரியே இல்லை, செத்துப்போனவரை மண்டபத்துக்குள் கூப்பிட்டது மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

"கணவர் பெயர்?"

"இசக்கி."

"ஒரு தடவை சொன்னால் போதும்மா."

மந்திரமூர்த்தி குனிந்து விவரம் சொன்னார். மேற்படி, வெள்ளைத்தாள், எட்டு இசக்கி, ஒரே உயிர் எல்லாம் சொன்னார். பார்வையாளர் முகம் மலர்ந்தது. தீர்க்கக்கூடிய குறை ஒன்று முகாமுக்கு வந்திருக்கிறது.

"இதுக்கு எதுக்குய்யா மூணு மாசம்? இருவரும் இருவர் என்று படிவம் இல்லை. இருவரும் ஒருவரே என்று இருக்கிறது. இருக்கிறதைப் பயன்படுத்துங்கள். இசக்கி என்று ஒருவர் இறந்திருக்கிறார். இசக்கி என்று ஒருவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவர்தான் ஓய்வூதியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கிற இசக்கியும் இதோ நிற்கிற இசக்கியும் ஒருவரே. அப்படியென்றால் இறந்தது மனைவி. முடிந்ததா? குடும்ப ஓய்வூதியம் என்றால் குறைத்துத்தான் தருவோம். இது முழு ஓய்வூதியம். அம்மாவுக்கு லாபம்!"

மேடையோரம் நின்ற கிராம நிர்வாக அலுவலர் ஆனந்தவள்ளி முன்னால் வந்தாள். சான்றில் கையெழுத்துப் போட வேண்டியது அவள்தான். "சார், இது பொய்லா?"

"பொய் இல்லம்மா, படிவம். பொய்யில் கையெழுத்துப் போட்டால் குற்றம். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கடமை. வித்தியாசம் தெரியாமலா வேலைக்கு வந்தீர்கள்?"

ஆனந்தவள்ளிக்கு அதே தாலுகாவில் இன்னும் இருபது வருடச் சர்வீஸ் இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

"ஐயா," என்றாள் இசக்கி. அவள் சத்தம் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. "அப்ப அன்னைக்கு எரிச்சது யார?"

பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எரிப்பதெல்லாம் உள்ளாட்சிம்மா. அது நம் துறையில் வராது."

பேச்சிராஜ் ஒரு தாளை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார். 'இசக்கி ஆகிய நான், என் மனைவி மேற்படி இசக்கி சென்ற வைகாசியில் காலமானார் என்றும், நான் உயிருடன் இருக்கிறேன் என்றும் உறுதி கூறுகிறேன்.' நூருன்னிசா அதை வாசித்துக் காட்டினாள்.

"இதுல ஒப்பு வெச்சேன்னா அவிய சாகலன்னு ஆயிருமாட்டி?"

"தாள்ல ஆயிரும்க்கா."

"தாள்லயாவது இருந்துட்டுப் போறாவ." 'மேற்படி இசக்கி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "என்னையத்தான..."

"யக்கா, நான் போடுன்னு சொல்லல, போடாதன்னுஞ் சொல்லல. ஆவணிக்குப் பத்து நாள்தான் இருக்கு."

பின்வரிசையில் துண்டுகள் தோளில் ஏறிவிட்டன. யாரோ, "ஆச்சி, சட்டுன்னு போடுங்க, கூட்டம் வந்துரும்," என்றார்கள். இசக்கி நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினாள். பார்வையாளர் எழுந்து அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். மைக்கில், "மூன்று மாதக் குறை மூன்று நிமிடத்தில்!" என்று அறிவித்துவிட்டு, பிரிவு முழுவதும் அருவிக்குப் போனது.

பணம் ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. நிறுத்தி வைத்ததும் சேர்ந்து வந்தது. உலகம்மை வாங்கிக்கொண்டு அழுதாள். இசக்கி அன்றைக்குச் சோறு பொங்கி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இலையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரத்தில் பேச்சிராஜ் நூருன்னிசாவின் போனில் கூப்பிட்டார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"செவ்வாக்கிழம இறுதி விசாரணைக்கு நான்தான் வருதேன். நான்னா என்ன, எழுதுறது எழுதித்தான ஆகணும்? வீட்டுல மாலை போட்ட படம் யாருதுன்னு ஒரு கட்டம் இருக்கு. பாத்து வெச்சிக்கிடச் சொல்லுங்க. வருசத் தெவசம்லாம் வேண்டாம். உயிரோட இருக்கவருக்கு எள்ளுந்தண்ணியும் எறச்சா பென்சனுக்கு ஆபத்து."

இசக்கி சுவரிலிருந்து புருசனுடைய படத்தைக் கழற்றினாள். மாலையை உருவி எடுத்தாள். சந்தனப் பொட்டைப் புடவை முந்தியால் துடைத்தாள். சுவரில் வைக்க முடியாது, மாலை இல்லாமல் வைத்தாலும் இவர் யார் என்று கேட்பார்கள். நூருன்னிசா அதைத் தன் வீட்டுப் பீரோவில், பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

இசக்கிக்கு என்று தனியாக ஒரு படம் கிடையாது. ஆதார் அட்டையைப் போட்டோக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். முகம் மங்கலாக வந்தது, பொட்டு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பொட்டை அவள் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அதே ஆணியில் மாட்டி, அதே மாலையைப் போட்டாள்.

"யக்கா, நான் போட்டிருப்பேன்லா," என்றாள் நூருன்னிசா.

"எனக்கு நான் போட்டுக்கிடுதேன். வேற யாரு இருக்கா?"

செவ்வாய்க்கிழமை பேச்சிராஜ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். கையைக் கூப்பி, கண்ணை மூடி, உண்மையான வருத்தத்தோடு நின்றார்.

"பாவம், நல்ல பொம்பள," என்றார். "எத்தன தடவ படியேறி வந்தாவ."

கட்டத்தில் டிக் அடித்தார். அடுத்த கட்டத்திலும் அடித்தார். தாளைத் திருப்பி நீட்டினார்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு கையெழுத்து."

இசக்கி போட்டாள். வந்தவரைச் சும்மா அனுப்பிப் பழக்கமில்லை.

"இருங்க ஐயா, ஒரு வாய் காப்பி போட்டுத் தாரேன்."

பேச்சிராஜ் பதறி எழுந்தார். "வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல பொம்பள இல்லாத எடம், ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?"